ஐந்து சிற்றிலை உள்ள கொடி

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 ஆம் திகதி, புதன்கிழமை. வானத்தில் மேகம் எதுவும் காணப்படவில்லை. விடியுமுன்னரே மேற்கிலிருந்து எழும்பிய கச்சான் காற்று, கிண்ணியாவில் கடல்நீர் உட்புகும் களப்பின் கரையெங்கும் சூட்டையும் புழுதியையும் கொண்டுவந்து சேர்த்தது. நிழலில் இருந்தவர்களுக்கும் வியர்த்தது.

அன்று காலை சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு களப்புக்குச் சென்ற ஜமால்தீன், தனது வலைக்கூட்டில் வளர்த்த கொடுவா மீன்கள் யாவும் வயிறு மேலாக மிதக்கக் கண்டான். வலைக்கூடு என்பது ஆழம் குறைந்த நீரில் கம்புகளை ஊன்றி, குறுக்குக் கம்புகளால் அவற்றைப் பிணைத்து, நாற்புறமும் அடியிலும் வலை இட்ட ஓர் அடைப்பு ஆகும். குஞ்சாக அதனுள் விடப்படும் மீன், உரிய காலம் இரை உண்டு வளர்ந்தால், சந்தைக்கு ஏற்ற பருமனை அடையும். ஜமால்தீனின் மீன்கள் அப்பருமனை ஏறத்தாழ அடைந்திருந்தன.

அவன் கூட்டினுள் மிதந்த நசுங்கிய கொடித்துண்டு ஒன்றை எடுத்துவந்து, குசினி வாசலில் நின்ற மனைவி உம்மு குல்சுமின் காலடியில் போட்டான்.

“தெகில். பக்கத்துக் கூட்டு றிகாஸ் பார்த்த உடனேயே சொல்லிட்டான். ஆரோ இடிச்சுப் போட்டிருக்கிறாங்க.”

“ஆரோ எண்டா?”

“ஆரோ எண்டா ஆர்? உன்ட தங்கச்சிட மாப்பிள்ளதான். வேற ஆருக்கு இந்த வேல தெரியும்?”

தெகில் என்பது கண்டற் காட்டின் ஓரத்தில் படரும் ஒரு கொடி. அதன் வேரையும் தண்டையும் இடித்து நீரில் கலந்தால் மீன்கள் மூச்சுத் திணறி மேலே மிதக்கும். வாய்க்கால்களில் மீன் பிடிக்க முன்னர் பலர் அதனைப் பயன்படுத்தினர்; அது தடுக்கப்பட்டு நெடுங்காலமாகிவிட்டது. ஜமால்தீனின் தம்பியும் உம்மு குல்சுமின் தங்கை கணவனுமான அஸீம் இளமைக் காலத்தில் அவ்வாறு மீன் பிடித்தவன் என்பதை ஊரே அறியும். போதாததற்கு, தோணி கட்டும் இடத்தைப் பற்றி அண்ணனுக்கும் தம்பிக்கும் அண்மையில் வாய்த்தர்க்கம் ஏற்பட்டபோது, “நானாட மீனுக்கு ஒரு பிடி தெகில் காணும்” என்று, அண்ணனை நானா என்றே அழைக்கும் அஸீம் தேத்தண்ணிக் கடையில் அனைவருக்கும் கேட்கச் சொல்லியிருந்தான்.

களப்பில் தொழில் செய்வோரின் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நீரில் நஞ்சு கலந்தவன் என்று ஒருவன்மீது மற்றவன் சங்கத்தின் முன் சத்தியம் செய்தால், குற்றஞ்சாட்டப்பட்டவன் தன்னைக் குற்றமற்றவன் என நிறுவ வேண்டும்; நிறுவ இயலாவிடின் அவன் தோணி அந்தக் கரையில் கட்டப்படலாகாது. அஸீமின் மீன்பிடியும் வாய்க்காலடியில் இருந்த வலைக்கூடும் அந்தத் தோணியை நம்பியே இருந்தன. அன்று பிற்பகல் அஸர்த் தொழுகைக்குப் பின்னர் சங்கம் கூடவிருந்தது. “நான் சத்தியம் பண்ணப்போறன்” என்று சொல்லிவிட்டு ஜமால்தீன் படலையைத் திறந்து வெளியேறினான்.

உம்மு குல்சும் நின்ற இடத்திலேயே நின்றாள். அண்ணன் தம்பிக்கு அக்காளையும் தங்கையையும் மணமுடித்து வைத்த குடும்பம் அது. எனவே அஸீமைப் பற்றி எழும் எந்தச் சொல்லும், முதலில் அவளுடைய தங்கை ரிப்காவின் வீட்டுக் கதவிலேயே போய் மோதும். மூன்று நாட்களாக வீங்கியிருந்த முழங்கால் அவளை மெல்லக் கதிரையில் இருத்தியது. எதிரே அலுமாரிக் கண்ணாடிக்குள் அவளது சான்றிதழ் தெரிந்தது.

அச்சான்றிதழ் அவள் நாற்பத்தெட்டாம் வயதில் பெற்றது. பள்ளிப் படிப்பை ஆறாம் வகுப்போடு நிறுத்திய அவள், மாதர் சங்க மண்டபத்தில் நடந்த கண்டற் காட்டுத் தாவர வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமல் சென்றாள். அவரைக் குடும்பம் என்பது எத்துணை பெரியது என்பதை அங்குதான் அறிந்தாள். வேலியில் நீலமாகப் பூக்கும் சங்குப்பூவும், மணலில் படர்ந்து மணலையே பிடித்து வைக்கும் காட்டவரையும், தொட்டவனைச் சொறியவைத்து மருந்துக் கடையில் மட்டும் மதிப்புப் பெறும் பூனைக்காலியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று கேட்டபோது அவள் வியப்புற்றாள். பொற்கொல்லர் முன்னாளில் பொன் நிறுத்த குன்றிமணியும் அக்குடும்பமே. அதன் இலையை மென்றால் இனிக்கும், விதையை மென்றால் உயிர் போகும். ஒரே கொடியில் இனிப்பும் நஞ்சும் இருப்பதை ஆசிரியை கூறிய நாளில், அவள் வீடு வரும்வரை அதனையே நினைத்துக்கொண்டு வந்தாள். அன்று முதல் ஜமால்தீன் அவளை “டீச்சர்” என்று கேலியாக அழைக்கலானான். கேலி என்றாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

நண்பகலில் படலை மீண்டும் திறந்தது. ரிப்கா வந்தாள். அவள் செருப்பைக் கழற்றவில்லை.

“ராத்தா, உங்கட மனிசன் என்ட மனிசன மீனுக்கு நஞ்சு வச்சவன் எண்டு பள்ளிவாசலடியில சொல்லிக்கிட்டுத் திரியிறாராம். உண்மையா?”

“இரி முதல்ல. தண்ணி குடி.”

“தண்ணி வேணாம். உங்கட தண்ணியிலயும் ஏதும் கலந்திருக்கு எண்டு நாங்களும் சொல்லலாம்தானே?”

“ரிப்கா, கடையில அஸீம் சொன்னதும் உண்மைதானே. ஒரு பிடி தெகில் காணும் எண்டு.”

“பகிடிக்குச் சொன்னவர்! உங்கட மனிசன் எங்கட தோணிய ஓட்டச் சட்டி எண்டாரே, அதுக்கு நாங்க சங்கத்துக்கா போனனாங்க? லொறி ஓட்டின மனிசனுக்குத் தோணியப் பத்தி என்ன கத?”

லொறி என்ற சொல் உண்மையிலேயே சுட்டது. டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் லொறியை விற்றுவிட்டுத்தான் ஜமால்தீன் களப்புக்கு வந்தான். வலை கட்டக் கற்றுக்கொடுத்தவனும், கூட்டுக்குக் கம்பு ஊன்றிக் கொடுத்தவனும் அஸீமே.

“நான் அவரோட கதைக்கிறன்” என்றாள் உம்மு குல்சும்.

“கதையுங்க. அவர் சத்தியம் பண்ணினா இந்த வீடு எனக்கு வேற ஊர், ராத்தா. பெருநாளைக்கும் வரமாட்டன்.” படலைவரை போன ரிப்கா திரும்பி நின்று, அலுமாரியை நோக்கிக் கையை நீட்டினாள். “அந்தச் சேட்டிபிக்கற்றக் கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்கிறீங்களே. அதுல செடிய மட்டுந்தான் படிப்பிச்சாங்களா? மனிசர ஆரெண்டு கண்டுபிடிக்கப் படிப்பிக்கல்லையா?”

அவள் போன பின்னர் வீட்டில் காற்றின் ஓசை மட்டுமே எஞ்சியது. காலையில் கணவன் போட்ட கொடித்துண்டு வாசலிலேயே வாடிக் கிடந்தது. அதனைப் பெருக்கித் தள்ளிவிடலாம் என்றே உம்மு குல்சும் எழுந்தாள். ஆனால் கையில் எடுத்தவுடன் பழக்கத்தின் காரணமாகக் கண்கள் அதனை ஆராயத் தொடங்கின.

நஞ்சுக்காகக் கொடியை இடிப்பவர், அது கூழாகும்வரை இடிப்பர். அவர்களுக்குத் தேவைப்படுவது சாறு. இத்துண்டோ கூழாகவில்லை. தண்டின் நீளம் முழுவதும் ஒரே சீராக, நார் அறாத வண்ணம், மரக்கட்டையால் தட்டப்பட்டிருந்தது. அவ்வாறு தட்டுவது நஞ்சு வைப்பவனின் வேலையன்று. அது கூடு கட்டுபவனின் வேலை.

அவள் அத்துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

இங்கு அந்தக் கரையின் வழக்கம் ஒன்றை விளக்குதல் வேண்டும். நீருக்கடியிலுள்ள மூட்டுகளை நைலோன் கயிற்றால் கட்டினால், பாசி பிடித்ததும் கட்டு வழுக்கி நழுவும். ஆகையால் அங்குள்ளோர் அவ்விடங்களுக்குக் கண்டற் காட்டில் வளரும் ஒரு கொடியையே பயன்படுத்துவர். அதற்கு ஊரில் தனிப்பெயர் கிடையாது. கட்டுக்கொடி என்பதே பெயர். அதனை வெட்டி, தட்டி மென்மையாக்கி, கட்டாகச் சேர்த்து, கல்லைப் பாரமாக வைத்து ஓரிரவு களப்பு நீரில் ஊறவிடுவர். ஊறிய கொடியால் கட்டினால் அது நீரில் பருத்து மூட்டை மேலும் இறுக்கும். கட்டுக்கொடியும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. தெகிலும் அதுவும் ஒரே சேற்றோரத்தில், சில இடங்களில் ஒரே மரத்தின்மீது, ஒன்றையொன்று தழுவிப் படரும். இரண்டும் கூட்டிலை கொண்டவை. இரண்டிலும் ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் இருக்கும்.

ஐந்து.

முந்திய நாள் பிற்பகல் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கூட்டின் தளர்ந்த மூட்டுகளை இறுக்க வழக்கமாகக் கொடி வெட்டுபவள் அவளே. முழங்கால் வீக்கத்தினால் அன்று பாயில் படுத்திருந்தாள். வலிக்குப் போட்ட குளிசை அரைத் தூக்கத்தைத் தந்திருந்தது. ஜமால்தீன் கதவடியில் நின்று கேட்டான்.

“டீச்சர், கட்டுக்கொடி எண்டு ஒண்ட இழுத்துக்கிட்டு வந்திரிக்கன். சரியா எண்டு எழும்பிப் பாருங்களன்.”

“எத்தின இலை இரிக்கி ஒரு காம்புல?”

“ஒண்டு, ரெண்டு… அஞ்சு.”

“ஓம், அதுதான். கொண்டுபோய்த் தட்டி ஊறப்போடுங்க.”

அவ்வளவே நடந்தது. சிற்றிலைகள் காம்பின் இருபுறமும் நேருக்கு நேராக நிற்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கின்றனவா என்று அவள் கேட்கவில்லை. நுனி கூரியதா மழுங்கியதா என்று கேட்கவில்லை. கிளை கொக்கிபோல் வளைந்து பற்றுகிறதா என்றும் கேட்கவில்லை. வகுப்பில் இவற்றையெல்லாம் மனனஞ் செய்து, வீட்டில் சுவருக்கும் ஒப்புவித்தவள் அவள். எழுந்து வாசல்வரை வருவதற்கு மட்டும் அன்று அவளால் இயலவில்லை.

வாடிய துண்டில் ஓர் இலை எஞ்சியிருந்தது. அதன் சிற்றிலைகள் இரண்டிரண்டாக நேருக்கு நேர் நின்றன. ஒன்று மட்டும் நுனியில். யாவும் கூரியவை. கட்டுக்கொடியில் அவை மாறிமாறி நிற்கும், நுனி மழுங்கியிருக்கும். இது தெகிலே. றிகாஸ் பொய் சொல்லவில்லை.

அவள் ஊன்றுகோலாக விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு களப்புக்கு நடந்தாள். கூட்டைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன. மீன்கள் நாறத் தொடங்கியிருந்தன. வெளியில் ஊறப்போட்டால் யாரேனும் எடுத்துச் சென்றுவிடுவர் என அஞ்சிய ஜமால்தீன், கொடிக்கட்டைக் கூட்டுக்குள்ளேயே மூலைக் கம்போடு அமிழ்த்தி வைத்திருந்தான். இடுப்பளவு நீரில் இறங்கி அதனை இழுத்தாள். கல்லின் பாரத்தோடு அது அசையவில்லை. முழங்கால் உயிர் போகும்படி வலித்தது. ஒரு கொடியை மட்டும் உருவி எடுக்க முடிந்தது. அதன் அடியில் தடித்த வேர் தொங்கிற்று. வெட்டத் தெரியாதவன் வேரோடு பிடுங்கியிருக்கிறான். நஞ்சு மிகுதியாக இருக்கும் பாகத்தையே கவனமாகத் தட்டி, தன் மீன்களின் நடுவில் இரவு முழுவதும் ஊறவைத்திருக்கிறான். அவ்வாறு செய்யச் சொன்னவள் தான் என்பதை அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். எண்ணுவதற்கும் களைப்பாக இருந்தது.

அஸர் பாங்கு சொல்லி முடிந்து நேரமாகியிருந்தது. சேற்றோரத்தில் படர்ந்திருந்த உண்மையான கட்டுக்கொடியில் ஒரு கிளையை ஒடித்து, இரண்டையும் ஏந்திக்கொண்டு, ஈரச் சேலையோடு சங்கக் கட்டடத்தை நோக்கி நடந்தாள். பாதி வழியில் ஒரு வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதே உடலுக்கு உகந்ததாகத் தோன்றியது. நடந்ததை அறிந்தவர் வேறு எவரும் இல்லை. சான்றிதழும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும். ஆனால் அஸீமின் தோணி கரையில் இராது.

சங்கக் கட்டடம் என்பது தகரக் கூரையும் அரைச்சுவரும் கொண்ட ஒரு மண்டபம். தலைவர் குணரத்தினம் தம்பலகாமத்துக்காரர், களப்பின் மறுகரையில் தொழில் செய்பவர், எவருக்கும் அவசரப்படாதவர். அவர் முன் ஜமால்தீன் எழுந்து நின்றிருந்தான். அஸீம் மூலையில், தரையைப் பார்த்தபடி, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

“ஜமால்தீன், நல்லா யோசிச்சுச் சொல்லும்” என்றார் குணரத்தினம். “சொன்ன பிறகு திருப்பி எடுக்க ஏலாது.”

“யோசிச்சிட்டன். நான் அல்லாஹ்மேல…”

“இஹ்ஸான்ட வாப்பா!” என்று அரைச்சுவருக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. மூத்த மகனின் பெயரால் கணவனை அழைப்பது அவள் வழக்கம். “சத்தியம் பண்ணாதீங்க.”

எல்லாத் தலைகளும் திரும்பின.

“நீ ஏன் இஞ்ச வந்த? கால் ஏலாது எண்டு படுத்திருந்தவ.”

“ஏலாமத்தான் வந்தனான்.”

“கையில என்ன, மச்சி, புல்லா?” என்றான் வாசலடியில் இருந்த நஸ்ரி. “ஆட்டுக்கா, சங்கத்துக்கா?” சிலர் சிரித்தனர்.

“பகிடிய விடும், நஸ்ரி” என்றார் குணரத்தினம். “உள்ள வாங்கோ, தங்கச்சி. கதிரையில இருங்கோ.”

அவள் இருக்கவில்லை. இருந்தால் மீண்டும் எழ முடியாது என்று பயந்தாள். இரண்டு கிளைகளையும் மேசையில் வைத்து, வகுப்பில் செய்ததைப் போலவே, விரலால் சுட்டிக் காட்டினாள்.

“இது கட்டுக்கொடி. இலை மாறிமாறி நிக்கிது, பாருங்க. கிளை கொக்கி மாதிரி வளையிது. இது தெகில். இலை சோடி சோடியா நிக்கிது. இது எங்கட கூட்டுக்குள்ள, எங்கட கல்லுக்குக் கீழ ஊறின கட்டுல இருந்து நான் இப்ப உருவினது. அஸீம் போட்டதில்ல. நாங்கதான் போட்டனாங்க.”

“என்ன பேசுற?” என்றான் ஜமால்தீன். “அது கட்டுக்கொடி. நீதானே சொன்ன!”

“ஓம். நான்தான் சொன்னனான். நீங்க கதவடியில நிண்டு எழும்பிப் பாரு எண்டீங்க. நான் எத்தின இலை எண்டு கேட்டன். அஞ்சு எண்டீங்க. ரெண்டுலயும் அஞ்சுதான். நான் எழும்பிப் பாக்கல்ல.”

தகரக் கூரை காற்றில் தடதடத்தது. ஜமால்தீன் மேசையிலிருந்த இரு கிளைகளையும் மாறிமாறிப் பார்த்தான். இப்போதும் அவனுக்கு வேறுபாடு முழுமையாக விளங்கவில்லை என்பதை அவன் முகத்திலிருந்து அவள் அறிந்தாள். ஆனால் வேர் விளங்கியது. அந்த வேரைச் சேற்றிலிருந்து பிடுங்க அவன் பட்ட பாட்டை அவன் கைகள் மறந்திருக்கவில்லை.

“அப்ப என்ட கையாலதானா?” என்றான், மிகவும் தாழ்ந்த குரலில்.

“ரெண்டு பேர்ட கையாலயும்.”

குணரத்தினம் தெகிலை எடுத்து முகர்ந்து, கீழே வைத்தார். “இனிச் சத்தியத்துக்கு வேலையில்லை” என்றார். “அஸீம், நீர் ஏதும் சொல்ல இருக்கோ?”

அஸீம் எழுந்தான். அண்ணனைத் திட்டுவான் என்று அனைவரும் எதிர்பார்த்தனர். உம்மு குல்சுமும் அதனையே எதிர்பார்த்தாள். அதற்கு அவனுக்கு உரிமை உண்டென்றும் எண்ணினாள்.

“அந்தக் கட்டு இப்ப எங்க, மதினி?”

“கூட்டுக்குள்ள. என்னால தூக்க ஏலாமப் போச்சு.”

“இன்னும் தண்ணிக்குள்ளயா?” அவன் குரல் உயர்ந்தது. “என்னையக் குற்றவாளியாக்கி இஞ்ச இருத்திப்போட்டு, நஞ்ச அங்க ஊறப்போட்டிருக்கிறீங்களா ரெண்டு பேரும்? நீர் வத்துற நேரம் இது. வத்தினா வாய்க்கால் வழியா என்ட கூட்டுக்குத்தான் வரும். நானா, நிண்டு பாத்துக்கிட்டா இரிக்கீங்க? வாங்க!”

அவன் முன்னே நடந்தான். ஜமால்தீன் ஒரு கணம் நின்று, பின்னர் தொடர்ந்தான்.

உம்மு குல்சும் கரையை அடைந்தபோது சகோதரர் இருவரும் இடுப்பளவு நீரில் குனிந்து நின்றனர். அஸீம் மூழ்கிக் கல்லைப் புரட்டினான். ஜமால்தீன் கட்டைப் பிடித்திருந்தான். செத்த மீன்கள் அவர்கள் தோள்களில் மோதின.

“கீழால பிடிங்க, நானா. நாரப் பிடிச்சா அறும். லொறியில மூட்டை ஏத்தினதில்லையா?”

“ஏத்தினனான். ஈரமில்லாத மூட்டை.”

“நல்லாத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறீங்க. நான் இளமையில தேடித் திரிஞ்சும் இவ்வளவு மொத்தமான தெகில் கிடைக்கல்ல.”

ஜமால்தீன் கட்டைக் கீழிருந்து தாங்கினான். அவன் முகம் நனைந்திருந்தது. களப்பு நீரால் எனக் கொள்ளலாம்.

அப்போது பின்னால் செருப்பு ஓசை கேட்டது. ரிப்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. கதிரையை அவள் மணலில் ஊன்றி, ஆடாதவாறு அழுத்தினாள். தமக்கையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“குந்துங்க” என்றாள். “படிச்ச முழங்கால்.”

உம்மு குல்சும் குந்தினாள். அந்த நாளில் முதன்முறையாக இடுப்பு நிம்மதியாகச் சாய்ந்தது. ரிப்கா அருகில் நின்றாள், போய்விடவில்லை. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்த மீன எல்லாம் புதைக்க ரெண்டு மம்மட்டி வேணும். எங்கட வீட்டில ஒண்டுதான் இரிக்கி” என்றாள்.

“எங்கட வீட்டில ஒண்டு இரிக்கி” என்றாள் உம்மு குல்சும்.

நீரில் இருவரும் ஒன்றாக மூச்சுப் பிடித்து இழுத்தனர். கறுத்து ஊறிய கொடிக்கட்டு, வேரும் சேறும் வழிய, கண்டல் வேர்களைக் கடந்து, நீர் எட்டாத மேட்டு மணலில் வந்து விழுந்தது. அப்போது நேரம் மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.